கொன்சாலஸ் பீரங்கிக்கு முன்பே தொடங்கிய கசப்பு

டெக்சாஸில் குடியேறிய அமெரிக்கர்கள், நிலம் கொடுத்த மெக்சிகோவையே ஏன் எதிர்த்தார்கள், மெக்சிகோ அதிபர் சாண்டா அன்னாவின் சர்வாதிகாரம்தானே காரணம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். 1836இல் டெக்சாஸைத் தனி நாடாக அறிவித்து அவர்கள் எழுதிய அரசியல் சட்டத்தைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது.

அன்று அமெரிக்காவில் அரசு நிலம் ஏக்கர் ஒன்றேகால் டாலர், அதுவும் ரொக்கமாக. மெக்சிகோவோ ஆடுமாடு வளர்க்கும் குடும்பத்துக்கு 4,428 ஏக்கரைச் சொற்பக் கட்டணத்துக்குக் கொடுத்தது. கொமான்சி என்ற பழங்குடியினரின் தாக்குதலைத் தாங்க வடக்கு எல்லையில் ஆள் வேண்டியிருந்தது. குடியேற்றத்தை முன்னின்று நடத்திய ஸ்டீபன் ஆஸ்டின் முதலில் 300 குடும்பங்களைக் கொண்டுவந்தார்.

வந்தவர்களில் பலர் பருத்தி பயிரிட அடிமைகளையும் கூட்டிவந்தார்கள். பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. 1829இல் அன்றைய மெக்சிகோ அதிபர் கெரெரோ அடிமை முறையை ஒழித்தார். டெக்சாஸுக்கு விலக்கு கிடைத்தது, ஆனாலும் பயம் போகவில்லை. அடிமைகளை 99 வருட ஒப்பந்தக் கூலிகள் என்று பத்திரத்தில் எழுதிச் சட்டத்தை ஏய்த்தார்கள். அந்தப் பத்திரங்களில் கைநாட்டு வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

அடுத்த அடி 1830 ஏப்ரல் 6ஆம் தேதிச் சட்டம். அமெரிக்காவிலிருந்து இனி யாரும் குடியேறக் கூடாது என்றது. சுங்கச் சாவடிகளும் படையும் வந்தன. ஊரில் காத்திருந்த உறவினர்களுக்குக் கதவு அடைபட்டது. 1832இல் டெக்சாஸின் அனவாக் ஊரில் படைத் தளபதி பிராட்பர்ன் வழக்கறிஞர் டிராவிஸைச் சிறையில் அடைக்க, குடியேறிகள் துப்பாக்கி எடுத்தார்கள்.

அப்போதும் ஆஸ்டின் சமாதானம்தான் பேசினார். மெக்சிகோவுக்குள்ளேயே டெக்சாஸைத் தனி மாநிலமாக்கக் கேட்டு 1833இல் மெக்சிகோ நகரத்துக்கே மனுவோடு போனார். குடியேற்றத் தடையை நீக்க அரசு சம்மதித்தது. ஆனால் அனுமதிக்குக் காத்திராமல் மாநில அரசை அமையுங்கள் என்று அவர் எழுதிய கடிதம் சிக்கியது. 1834 கிட்டத்தட்ட முழுவதும் சிறை. மறுவருடம் ஊர் திரும்பியவர் போரைத் தவிர வழியில்லை என்றார். இருந்த ஒரே நல்ல தரகரை மெக்சிகோ இப்படித்தான் இழந்தது. அதற்குள் சாண்டா அன்னா மாநில உரிமைகளைப் பறித்து, எதிர்த்த சகடேகாஸ் மாநிலத்தை நசுக்கியிருந்தார்.

கொமான்சிகளைச் சமாளிக்க 1831இல் டெக்சாஸின் கொன்சாலஸ் ஊருக்கு மெக்சிகோ கொடுத்த பீரங்கியைத் திருப்பிக் கேட்டு வந்தது படை. 1835 அக்டோபர் 2 அன்று அங்கேதான் முதல் சண்டை.

சர்வாதிகாரத்தை வெறுத்து, ஹுவான் செகின் போன்ற டெக்சாஸ் மெக்சிகர்களும் சேர்ந்து போராடினார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் வென்றவர்கள் எழுதிய சட்டத்தில், நாடாளுமன்றத்தின் அனுமதி இல்லாமல் எஜமானர் தன் அடிமையை உள்நாட்டில் விடுவிக்க முடியாது. சுதந்திரமான கறுப்பினத்தவர் அங்கே நிலையாக வாழவும் அதே அனுமதி வேண்டும்.