குழந்தைக்கு ‘இயற்கை’ மருந்து வாங்குமுன்: கேள்வி-பதில்

கேள்வி: இரண்டு மாதக் குழந்தை, மாலையானால் வீறிட்டு அழுகிறது. ‘முழுக்க மூலிகை, பக்க விளைவு இல்லை’ என்று போட்ட வயிற்றுவலி மருந்தை வாங்கலாமா?

பதில்: முன்பக்க வாசகத்தை விடுங்கள். பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். 5 மி.லி.யில் எந்தச் சரக்கு எத்தனை மில்லிகிராம் என்று தனித்தனியாகப் போட்டிருக்க வேண்டும். ‘சிறப்புக் கலவை’ என்று ஒரே வரியில் மொத்தமாகச் சொல்லியிருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். சின்ன உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்பதை மருத்துவராலும் கணக்கிட முடியாது.

அடுத்து மூன்று பெயர்களைத் தேடுங்கள்; ஒன்று இருந்தாலும் வாங்க வேண்டாம். ஒன்று எத்தனால் அல்லது ஆல்கஹால். மூலிகைச் சாறு இறக்கவும், கெடாமல் வைக்கவும் அதைச் சேர்ப்பதுண்டு. இரண்டாவது தேன். ‘சர்க்கரை சேர்க்காதது’ என்ற பாட்டிலில் இனிப்பு எதிலிருந்து வருகிறது என்று பார்த்தால் பல நேரம் அதுதான் இருக்கும். மூன்றாவது அன்னாசிப்பூ. உணவுக்கான வகையும் நச்சுள்ள ஜப்பானிய வகையும் காய்ந்தபின் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அன்னாசிப்பூத் தேநீர் குடித்த சிலருக்கு, கைக்குழந்தைகள் உட்பட, வலிப்பு வந்ததால் அமெரிக்க உணவு மருந்துத் துறை 2003-இல் எச்சரிக்கை விட்டது.

தொகுதி எண், காலாவதித் தேதி, தயாரிப்பாளர் முகவரி இல்லாத சில்லறைப் பொடி வேண்டவே வேண்டாம். ஈயமும் பாதரசமும் கலந்திருந்தால் கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாது.

இந்த மருந்துகளுக்கு நல்ல பெயர் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மாலை அழுகை ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கும். அழுகை அதிகமானபோது மருந்து வாங்குகிறோம், அது தணியும்போது மருந்தைப் பாராட்டுகிறோம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பச்சை வாந்தி, மலத்தில் ரத்தம், 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் கடைக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: தேனைக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் சரியா?

பதில்: இல்லை. தேனில் இருக்கக்கூடிய, தசைகளைத் தளரவைக்கும் பாட்டுலிசம் நோயைத் தரும் கிருமியின் வித்துகள் வீட்டு அடுப்புச் சூட்டில் சாகாது. 12 மாதம் முடியும்வரை ஒரு துளியும் கூடாது. அதன்பின் இருமலுக்குப் படுக்கும்முன் 2.5 மி.லி. தேன் நல்ல மருந்துதான். தேன் கொடுத்த கைக்குழந்தைக்கு மலச்சிக்கல், நலிந்த அழுகுரல், பால் உறிஞ்ச முடியாமை, தொங்கும் இமை தெரிந்தால் அன்றே காட்டுங்கள்.

கேள்வி: சளிக்குத் தைலம் தடவலாமா?

பதில்: இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம். மெந்தாலின் குளிர்ச்சி மூக்கு திறந்ததுபோல் தோன்றவைக்கும்; அடைப்பு அப்படியேதான் இருக்கும். கைக்குழந்தையின் மூக்கருகே தடவினால் மூச்சே திணறக்கூடும். இந்தத் தைலங்களில் உள்ள கற்பூரத்தை விழுங்கிய குழந்தைக்குச் சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். வலித் தைலங்களில் உள்ள வின்டர்கிரீன் எண்ணெயோ இன்னும் மோசம். கலக்காத எண்ணெய் 5 மி.லி., சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். பாட்டிலோடு அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

மூக்கடைப்புக்கு 0.9 சதவீத உப்புநீர்ச் சொட்டு வாங்குங்கள். பால் கொடுக்குமுன் ஒவ்வொரு துளையிலும் ஒன்றிரண்டு சொட்டு விட்டு, சிறிது பொறுத்து, ரப்பர் உறிஞ்சியால் மெல்ல எடுத்தால் போதும்.

கேள்வி: பல் முளைக்கும் வலிக்கு ஹோமியோபதி மாத்திரை, ஆம்பர் (இறுகிய மரப்பிசின்) மணிமாலை, எது நல்லது?

பதில்: இரண்டும் வேண்டாம். மாத்திரை அட்டையில் உள்ள 6X என்றால் மருந்துச் சரக்கு பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்தக் கணக்கு சரியாக இருந்தால் உள்ளே ஏறக்குறைய ஒன்றுமில்லை, தவறினால்தான் ஆபத்து. சில பல் மாத்திரைகளில் பெல்லடோனா என்ற நச்சுச்செடியின் அளவு ஒன்றுபோல் இல்லை, சிலவற்றில் அட்டையில் சொன்னதைவிட மிக அதிகம் என்று அதே அமெரிக்கத் துறை 2017 ஜனவரியில் அறிவித்தது. மாலை கழுத்தை இறுக்கும், அறுந்தால் மணி தொண்டையில் சிக்கும். ஒரே துண்டாக வார்த்த ரப்பர் வளையத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துக் கொடுங்கள். உறையவைத்தால் ஈறு புண்ணாகும்.

கேள்வி: ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். மருத்துவரிடம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: தயங்காமல் பாட்டிலையும் அட்டையையும் எடுத்துப் போங்கள். எத்தனை மி.லி., எத்தனை முறை, கடைசியாக எப்போது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கரண்டியால் கொடுத்திருந்தால் அந்தக் கரண்டியும் வரட்டும். வீட்டுக்கு வீடு கரண்டி அளவு மாறும்.