அறுவை சிகிச்சையில் தோல் மடல் கருகாமல் இருக்க ஆன்டிஆக்சிடன்ட் உதவுமா?

காயத்தை மூட, பக்கத்துத் தோலை அதன் ரத்தக்குழாயோடு சேர்த்துத் திருப்பி வைத்துத் தைப்பார்கள். அதுதான் தோல் மடல். அதன் நுனி கடைமடை வயல் மாதிரி, ரத்தம் கடைசியாகத்தான் வந்து சேரும். காய்ந்து கிடந்த வாய்க்காலில் திடீரென்று தண்ணீர் திறந்தால் கரை உடைகிறதே, அதேபோல, தடைபட்ட ரத்தம் திரும்பும்போது ஆக்சிஜனிலிருந்து உருவாகும் வெறிகொண்ட மூலக்கூறுகள் செல்களின் சவ்வைச் சிதைக்கின்றன. நுனி கறுத்துப்போகும். விட்டமின் சி, ஈ, என்-அசிட்டைல்சிஸ்டீன் (சளியை இளக்கவும் கொடுக்கும் மருந்து) போன்ற ஆன்டிஆக்சிடன்ட்கள் இந்த மூலக்கூறுகளை அடக்கக்கூடியவை. எலிகளின் முதுகுத்தோலில் செய்த பல சோதனைகளில் கருகிய பகுதி குறைந்தது. மனிதர்களுக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. இப்போதைக்கு, விரலால் அழுத்தி, வெளுத்த இடத்தில் நிறம் திரும்புகிறதா என்று அடிக்கடி பார்க்கும் நர்ஸ்தான் பெரிய காவல். அப்புறம், விட்டமின் மாத்திரைதானே என்று நீங்களாக விழுங்காதீர்கள். விட்டமின் ஈ அளவு மீறினால் ரத்தக்கசிவு கூடலாம்.