விளக்கை அணைத்த அப்பாவுக்கு

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். டெக்சாஸில் இருக்கும் அவள் மாமா, லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'லிட்டில் ஹவுஸ்' கதைப் புத்தகங்களை மொத்தமாக வாங்கி அனுப்பினார். மூன்று மாதமாக அதிலேயே கிடக்கிறாள். அது செவ்விந்தியர்களின் இடம்தானே, அவர்களுக்குக் கோபம் வராதா என்று ராத்திரி பத்து மணிக்கு அரித்தெடுப்பாள். பேசாமல் தூங்கு என்று விளக்கை அணைத்துவிடுவேன். அது போகட்டும். இவை இனவெறிப் புத்தகங்கள், அமெரிக்காவிலேயே தடை செய்துவிட்டார்கள் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார். எடுத்துப் பரண்மேல் போடச் சொல்கிறாள் என் மனைவி. பிடுங்கிவிடலாமா? பிரச்சினை இல்லாத சாகசக் கதைகளின் பட்டியல் ஒன்று தர முடியுமா?
- ஒரு தந்தை, கோவை

பதில்: தம்பி, 'அது போகட்டும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் போகவிட எனக்கு மனமில்லை. பட்டியலும் தடையும் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த விளக்கைப் பற்றிப் பேசுவோம்.

1935-ல் வந்த 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி'யை நீங்கள் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. புரட்டியிருந்தால் 'பேசாமல் தூங்கு' என்ற வரியை எழுதவே கை கூசியிருக்கும். வைல்டர் தன் சிறுவயதைத்தான் அதில் கதையாக்கியிருக்கிறார். அதில் ஓர் இடம் வருகிறது. அரசாங்கம் இந்தச் செவ்விந்தியர்களை மேற்கே போகச் சொல்லிவிடுமா என்று சிறுமி லாரா கேட்கிறாள். ஆமாம், வெள்ளைக்காரர்கள் குடியேற வந்தால் அவர்கள் போய்த்தான் ஆகவேண்டும், நாம் முதலில் வந்துவிட்டதால் நல்ல நிலம் நமக்கு என்கிறார் அப்பா. அவள் விடவில்லை. இது அவர்களுடைய இடம் என்றுதானே நினைத்தேன், அவர்களுக்குக் கோபம் வராதா என்று ஆரம்பிக்கிறாள். முடிக்கக்கூட விடாமல், இனிக் கேள்வி கேட்காதே, தூங்கு என்று சொல்லிவிடுகிறார் அப்பா.

லாராவுக்குப் பதில் கிடைக்காமல் போன அதே கேள்வியைத்தான் உங்கள் மகள் உங்களிடம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அந்த அப்பா சொல்லாததை என் அப்பா சொல்வார் என்று நம்பி வந்திருக்கிறாள். நீங்கள் அவர் செய்ததையே திருப்பிச் செய்துவிட்டு, புத்தகத்தில் தப்பு இருக்கிறதா என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

அவளுக்கு நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். லாராவின் குடும்பம் 1869-ல் கான்சாஸில் போய் வீடு கட்டிய இடம் ஓசேஜ் என்ற செவ்விந்திய இனத்து மக்களுக்கென்று ஒப்பந்தப்படி ஒதுக்கப்பட்ட நிலம். அங்கே குடியேற அவள் அப்பா சார்லஸுக்குச் சட்டப்படி எந்த உரிமையும் இல்லை. அவரைப் போலப் பல குடும்பங்கள் உள்ளே வந்து குடிசை போட்டிருந்தன. அந்த ஆண்டுகளில் ஓசேஜ்களின் குதிரைகள் களவுபோனதையும், அவர்கள் பட்ட பாட்டையும் அங்கிருந்த அரசு அதிகாரியே எழுதி வைத்திருக்கிறார். 1870 ஜூலையில் அந்த மக்களை அங்கிருந்து அனுப்பச் சட்டம் வந்தது. செப்டம்பரில் ஓசேஜ் தலைவர்கள் அதற்கு ஒப்புக்கொண்டு, இன்றைய ஒக்லஹோமாவுக்குப் போனார்கள். லாராவின் தங்கை கேரி அதே ஆகஸ்டில் அந்த வீட்டில்தான் பிறந்தாள். ஒரு வீட்டில் தொட்டில் கட்டியபோது பக்கத்தில் ஓர் இனமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

ராணுவம் வந்து தங்களை வெளியேற்றப்போகிறது என்று அப்பா கோபித்துக்கொண்டு கிளம்புவதாகக் கதையில் வரும். உண்மையில் 1871-ல் அவர்கள் விஸ்கான்சினுக்குத் திரும்பியதற்கு வேறு காரணம். அங்கே அவர்கள் விற்ற நிலத்தை வாங்கியவரால் பணம் கட்ட முடியவில்லை. லாராவுக்கு அப்போது நாலு வயது. பெரியவர்கள் சொல்லக் கேட்டதை வைத்துத்தான் அறுபது வயதுக்கு மேல் எழுதினார். இதையும் மகளிடம் சொல்லுங்கள். கதை வேறு, நடந்தது வேறு என்று தெரிந்துகொள்ள பத்து வயது சரியான வயது.

அப்புறம் 'செவ்விந்தியர்' என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்த நம் தலைமுறைக்கு அது தலையில் இறகு செருகிய ஓர் உருவம், அவ்வளவுதான். அவர்களுக்கு ஓசேஜ், ஒஜிப்வே என்று தனித்தனிப் பெயர் உண்டு, மொழி உண்டு, இன்றும் பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறார்கள் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லலாமே.

தடை என்பது தவறான தகவல். 1954-ல் வைல்டரின் பெயரிலேயே ஏற்படுத்தி அவருக்கே முதலில் கொடுத்த விருது ஒன்று உண்டு. 2018-ல் அதிலிருந்து அவர் பெயரை அமெரிக்க நூலகர்கள் எடுத்துவிட்டார்கள். புத்தகம் நூலகத்தில்தான் இருக்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த நாட்டில் மனிதர்களே இல்லை, செவ்விந்தியர்கள் மட்டும்தான் இருந்தார்கள் என்று முதல் பதிப்பில் ஒரு வரி இருந்தது. 1952-ல் ஒருவர் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். 85 வயது வைல்டர், அது என் முட்டாள்தனமான பிழை, அவர்களும் மனிதர்கள்தான் என்று ஒப்புக்கொண்டார். 1953 பதிப்பில் 'மனிதர்கள்' என்பது 'குடியேறிகள்' என்று மாறியது. அந்த வயதில் அவரால் முடிந்தது உங்களுக்கு முடியாதா?

மனைவியிடமும் சொல்லுங்கள், பரண் வேண்டாம். பிடுங்கினால் கேள்வி போய்விடாது. உங்களிடம் கேட்பதுதான் நின்றுபோகும். 'என் பெண் என்னிடம் எதுவுமே சொல்வதில்லை' என்று பதினைந்து வயதுப் பெண்ணின் அப்பாக்கள் மாதத்துக்கு நாலைந்து பேராவது எனக்கு எழுதுகிறார்கள். பத்து வயதில் அவள் கேட்டபோது என்ன செய்தீர்கள் என்றுதான் அவர்களிடம் திருப்பிக் கேட்கிறேன். நியாயம் எது என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்வது பெற்றவர் கடமை. தெரியாவிட்டால், தெரியாது, தேடிப் பார்ப்போம் என்பதும் பதில்தான். தூக்கம் வருகிறது, நாளைக்குப் பேசலாம் என்றால் மறுநாள் நீங்களே பேச்சை எடுக்க வேண்டும். என் அப்பா அப்படித்தான். காலையில் காபி டம்ளரோடு வந்து, 'ராத்திரி என்னமோ கேட்டியே' என்று ஆரம்பிப்பார்.

அந்தக் கதைகளில் நல்லது இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஓர் ஆணிகூட இல்லாமல் மரமுளைகளை அடித்தே அப்பா கதவு செய்யும் பக்கங்களைப் படித்தால் பிள்ளைகளுக்குக் கை பரபரக்கும். குடும்பமே காய்ச்சலில் விழுந்தபோது வந்து காப்பாற்றும் கறுப்பின மருத்துவர் டாக்டர் டான் உண்மையில் வாழ்ந்தவர். ஓசேஜ் மக்களுக்கும் வைத்தியம் பார்த்தவர். இவையும் அவளுக்குச் சேரவேண்டியவைதான்.

பட்டியல் தரமாட்டேன். பிரச்சினையே இல்லாத கதையாகக் கேட்பது, அவள் இனிமேல் எதையும் கேட்கக்கூடாது என்பதற்காகத்தானே? ஒரே ஒரு புத்தகம் சொல்கிறேன். 1999-ல் லூயிஸ் எர்ட்ரிச் எழுதிய 'தி பிர்ச்பார்க் ஹவுஸ்'. எழுதியவரே ஒஜிப்வே வழிவந்தவர். 1847-ல், சுப்பீரியர் ஏரியில் ஒரு தீவில் வாழும் ஒமகயாஸ் என்ற ஏழு வயது ஒஜிப்வே சிறுமியின் கதை. பெயருக்கு 'சின்னத் தவளை' என்று பொருள். வேனிலில் பிர்ச் மரப்பட்டையால் வீடு கட்டுவார்கள். குளிர்காலத்தில் பெரியம்மை அந்த வீட்டுக்குள் வருகிறது. அந்தப் பக்கங்களில் உங்கள் மகள் அழுவாள். தனியாகப் படிக்க விடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

அது வந்து சேரும்வரை, இன்று ராத்திரி கையில் இருப்பதையே எடுங்கள். கடைசி அத்தியாயங்களில், ஓசேஜ் மக்கள் குதிரைகளில் வரிசையாக லாராவின் வீட்டு வாசலைத் தாண்டிப் போவார்கள். வரிசை முடிவதாகவே தெரியாது. சாப்பாட்டு நேரம் வந்தும் யாருக்கும் சாப்பாடு நினைவுக்கு வராது. குதிரையில் போகும் ஒரு கைக்குழந்தையின் கறுப்புக் கண்களைப் பார்த்து, எனக்கு அந்தப் பாப்பா வேண்டும் என்று லாரா அழுவாள். ஏன் அழுகிறாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. அந்த அத்தியாயத்தை நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள், மகள் கேட்கட்டும். அதற்கு முன், 'அன்னைக்கு நீ கேட்டது சரிதான் கண்ணு, அப்பாதான் பதில் சொல்லாம விட்டுட்டேன்' என்று சொல்லிவிடுங்கள். பத்து மணி தாண்டினாலும் விளக்கு எரியட்டும்.