குறுக்கே ஆள் வந்தால் ஃபோகஸ் தாவுவதற்கு
சோனி ஏ6400 கேமராவில் பையனின் கால்பந்து ஆட்டத்தை எடுக்கும்போது, குறுக்கே ஓடுபவர் மேல் ஃபோகஸ் தாவிவிடுகிறது என்கிறீர்கள். அதற்காக லென்ஸை மாற்ற வேண்டாம், உங்கள் 70-350 நல்ல லென்ஸ்தான். முதலில் ஏஎஃப் டிராக் சென்ஸ் (ஃபோகஸ் எவ்வளவு எளிதில் இன்னொருவர் மேல் தாவும் என்பது) அமைப்பைப் பாருங்கள், வழக்கமாக 3-இல் இருக்கும், அதை 2-க்கு இறக்கினால் குறுக்கே வருபவரைக் கண்டுகொள்ளாமல் கேமரா உங்கள் பையனிடமே நிற்கும். ஃபோகஸ் பகுதி வைடில், அதாவது முழுச் சட்டத்திலும், இருந்தால் கேமராதான் ஆளைத் தேர்ந்தெடுக்கும், அதனால் டிராக்கிங் ஃபிளெக்சிபிள் ஸ்பாட் (நீங்கள் வைக்கும் சிறு கட்டத்தில் இருப்பவரைக் கேமரா பின்தொடரும் முறை) வைத்துப் பையன் மேல் நீங்களே தொடங்குங்கள். அப்புறம் தொடர் படப்பிடிப்பில் நொடிக்கு 11 படம் எடுக்கும் ஹை பிளஸ் வேண்டவே வேண்டாம், வியூஃபைண்டரில் ஏற்கெனவே எடுத்த படம்தான் தெரியும், ஓடுகிறவனைத் தொடர முடியாது. 8 படம் எடுக்கும் ஹை போதும். ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையக் கூடாது, அசைவில் மங்கிய படத்தையும் ஃபோகஸ் தவறிய படம் என்றே பலர் நினைக்கிறார்கள்.