முதலிடம் பிடித்த அணி ஏன் முதல் சுற்றிலேயே வீழ்கிறது?

கேள்வி: டொராண்டோவில் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஆண்டுதோறும் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். ஐஸ் ஹாக்கியின் பிளே-ஆஃப் (பருவ முடிவில் நடக்கும் வெளியேற்றச் சுற்றுகள்) கணிப்புப் போட்டி நடத்துகிறார்கள். 15 தொடர்களிலும் யார் வெல்வார், எத்தனை ஆட்டத்தில் வெல்வார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். புள்ளிப் பட்டியலில் முதலில் நிற்கும் அணிக்கே நான் எப்போதும் கோப்பையை எழுதுவேன். ஒரு முறையும் பலித்ததில்லை. கோல்கீப்பரைப் பார்த்தால் போதும் என்கிறார் என் மைத்துனர். கடைசி பத்து ஆட்டங்களைப் பார் என்கிறார் உடன் வேலை செய்பவர். நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: பிளே-ஆஃபுக்கு முந்தைய வழக்கமான பருவத்தில் அதிகப் புள்ளி எடுக்கும் அணிக்குப் பிரெசிடென்ட்ஸ் டிராஃபி கிடைக்கிறது. அதையும், பிளே-ஆஃபை வெல்லும் அணிக்கான ஸ்டான்லி கோப்பையையும் ஒரே பருவத்தில் சேர்த்து வென்ற அணி என்றால், 2025 வரையிலான கணக்கில் கடைசியாக 2013-ல் சிகாகோ. 2014 முதல் 2025 வரையிலான பன்னிரண்டு பருவங்களில் ஓர் அணியாலும் அது முடியவில்லை. 2019-ல் 62 வெற்றிகளுடன் 128 புள்ளிகள் குவித்த டாம்பா பே, முதல் சுற்றில் கொலம்பஸிடம் நான்கு ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றது. அதில் முதல் ஆட்டத்தில் 3-0 என்று முன்னிலையும் வகித்திருந்தது. ஆகவே நீங்கள் மட்டும் ஏமாறவில்லை.

இதற்கு முதல் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. எதிரணியைவிட நன்றாக ஆடும் ஓர் அணி, ஒவ்வோர் ஆட்டத்தையும் வெல்ல நூற்றுக்கு 55 வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் ஹாக்கியில் அது நல்ல மேலாதிக்கம்தான். ஏழு ஆட்டத் தொடரில் முதலில் நான்கு வெல்ல வேண்டும் என்னும்போது அந்த வாய்ப்பு சுமார் 61 ஆகிறது. கோப்பைக்கு இப்படி நான்கு தொடர்களைத் தாண்ட வேண்டும். 61 சதவீதத்தை நான்கு முறை பெருக்கினால் மிஞ்சுவது 14 சதவீதம்கூட இல்லை. ஆட்டத்துக்கு 60 என்று தாராளமாக வைத்தாலும் தொடருக்கு 71, கோப்பைக்கு 25. அசைக்க முடியாத பலம் என்று எல்லோரும் கொண்டாடும் அணியும் நான்கில் மூன்று முறை வெறுங்கையோடுதான் திரும்பும். தோற்ற மறுநாளே, நெஞ்சுரம் இல்லாத அணி என்று ரசிகர்கள் திட்டித் தீர்ப்பதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் அங்கே நடந்தது இந்தப் பெருக்கல்தான்.

இரண்டாவது காரணம், புள்ளிப் பட்டியல் சிலவற்றை மறைத்துவிடுகிறது. வழக்கமான பருவத்தில் 60 நிமிடத்தில் முடிவு கிடைக்காவிட்டால் பக்கத்துக்கு மூன்று பேர் வீதம் ஐந்து நிமிடம் ஆடுவார்கள். அதிலும் முடியாவிட்டால் ஷூட்-அவுட், அதாவது வீரர்கள் ஒவ்வொருவராகக் கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து அடிக்கும் முறை. இதில் தோற்றாலும் ஒரு புள்ளி உண்டு. பிளே-ஆஃபில் இந்த ஏற்பாடே கிடையாது. ஐவர் ஐவராக, 20 நிமிடப் பகுதிகளாக, ஒரு கோல் விழும்வரை ஆடியாக வேண்டும். எனவே மொத்தப் புள்ளியை விட்டுவிட்டு, 60 நிமிடத்துக்குள் வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். பட்டியலிலேயே அதற்குத் தனிப் பத்தி இருக்கிறது. புள்ளிகள் சமமானால் லீக் முதலில் பார்ப்பதும் அதைத்தான். அடுத்து, ஐவருக்கு ஐவர் ஆடும் நேரத்தில் கோலை நோக்கிப் போன மொத்த முயற்சிகளில் அந்த அணியின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். பாதிக்குக் கீழே இருந்தும் வெற்றிகள் குவிந்திருந்தால் கோல்கீப்பரோ அதிர்ஷ்டமோ அந்த அணியைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. அதை நம்பிப் பெரிய பந்தயம் வேண்டாம்.

2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 65 வெற்றி, 135 புள்ளி என்று இரண்டிலும் லீக் சாதனை படைத்த பாஸ்டன், 92 புள்ளியோடு கடைசி ஆளாக உள்ளே நுழைந்த புளோரிடாவைச் சந்தித்தது. வெறும் பட்டியலைப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் அதே புளோரிடாதான் முந்தைய பருவத்தில் 122 புள்ளியுடன் பிரெசிடென்ட்ஸ் டிராஃபி வென்றது. இடையில் நட்சத்திர வீரர் மேத்யூ கச்சக்கும் வந்து சேர்ந்திருந்தார். 3-1 என்று பின்தங்கியிருந்த புளோரிடா, தொடரை ஏழாவது ஆட்டத்துக்கு இழுத்துச் சென்றது. பாஸ்டன் அரங்கில் ஏறக்குறைய ஒரு நிமிடமே மிச்சம் இருந்தபோது, 3-2 என்று பின்னால் இருந்த புளோரிடாவுக்காக பிராண்டன் மாண்டூர் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் கார்ட்டர் வெர்ஹேகி முடித்துவைத்தார். அந்த ஒரு நிமிடத்தை பாஸ்டன் தாக்குப்பிடித்திருந்தால் இன்று இந்த உதாரணத்தை எவரும் சொல்ல மாட்டார்கள். கணிப்பு சரியா தவறா என்பதை முடிவை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

உங்கள் மைத்துனருக்கும் இதே தொடரில் பதில் இருக்கிறது. பாஸ்டனின் லீனஸ் உல்மார்க் அந்தப் பருவத்தின் சிறந்த கோல்கீப்பர். வெசினா விருது அவருக்குத்தான். ஆனால் ஏழாவது ஆட்டத்தில் நின்றவர் ஜெரெமி ஸ்வேமன். எதிர்ப்புறம், தொடரை அலெக்ஸ் லயனுடன் தொடங்கிய புளோரிடா, செர்கேய் பாப்ரோவ்ஸ்கியை வைத்து முடித்தது. கோல்கீப்பரைப் பார்த்து எழுதியவர் எந்தப் பெயரைப் பார்த்திருப்பார்? கோல்கீப்பர் தொடரைத் தீர்மானிக்கலாம் என்பது உண்மை. 2012-ல் எட்டாவது இடத்தில் நுழைந்த லாஸ் ஏஞ்சலீஸ் கோப்பையை வெல்ல ஜானதன் குவிக் பெரிய காரணம். ஆனால் எந்தக் கோல்கீப்பர் எந்த இரண்டு வாரம் ஜொலிப்பார் என்று முன்கூட்டியே சொல்வதுதான் கடினம்.

கடைசி பத்து ஆட்டங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. இடம் உறுதியான அணிகள் அப்போது முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுக்கின்றன. அரைப் பருவம் என்றால் கதை வேறு. 2019 ஜனவரித் தொடக்கத்தில் லீக்கிலேயே கடைசியில் கிடந்த செயின்ட் லூயிஸ், ஜூனில் கோப்பையைத் தூக்கியது. புதிய பயிற்சியாளரும் புதிய கோல்கீப்பரும் வந்தபின் ஆடிய நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன.

தாளை நிரப்பும்போது முதல் சுற்றில் துணிச்சல் வேண்டாம். பலமான அணிகளையே எழுதுங்கள். கோப்பைக்கு மட்டும், முதல் நான்கைந்து அணிகளில் உங்கள் அலுவலகத்தில் குறைவானவர்கள் எழுதக்கூடிய அணியைத் தேர்ந்தெடுங்கள். எல்லோரும் எழுதிய அணி வென்றால் உங்களுக்குத் தனி லாபம் எதுவும் இல்லை. ஆட்ட எண்ணிக்கைக்கு, சந்தேகம் வரும்போதெல்லாம் ஆறு என்று போடுங்கள். மேலே சொன்ன 55 சதவீதக் கணக்கில் பத்தில் ஆறு தொடர்கள் ஆறு அல்லது ஏழு ஆட்டம் போகும்; பலமான அணி ஆறில் முடிப்பதே தனித்தனி முடிவுகளில் அதிக வாய்ப்புள்ளது.

தாளைக் கடைசி நாள்வரை கையிலேயே வைத்திருங்கள். பிளே-ஆஃப் நேரத்தில் காயங்களை அணிகள் மூடி மறைக்கும். உடலின் மேற்பகுதி, கீழ்ப்பகுதி என்பதற்குமேல் வாய் திறக்க மாட்டார்கள். முதல் ஆட்டத்தன்று காலைப் பயிற்சியில் பனித்தளத்தை விட்டு முதலில் வெளியேறும் கோல்கீப்பர்தான் வழக்கமாக அன்றிரவு வலைக்கு முன் நிற்பார். அந்தச் செய்தி வந்தபின் அணியின் பெயரை எழுதுங்கள்.