சுவரும் குரலும்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அறுபதுகளின் அமெரிக்க பாப் இசை பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில் இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் 'வால் ஆஃப் சவுண்ட்' (ஒலிச் சுவர்) பாணியை மிகவும் பாராட்டியிருந்தீர்கள். படித்துவிட்டு ரோனெட்ஸ், கிரிஸ்டல்ஸ் குழுக்களின் பாடல்களைத் தேடிப் பிடித்து நல்ல ஹெட்ஃபோனில் கேட்டேன். எனக்கு எல்லாம் இரைச்சலாகத்தான் இருக்கிறது. எது கிதார், எது பியானோ என்று பிரிக்கவே முடியவில்லை. இதில் என்ன சாதனை? இன்னொன்று. 'ஹீ இஸ் எ ரெபல்' பாட்டைக் கிரிஸ்டல்ஸ் பாடவே இல்லை, வேறு யாரோ பாடி அவர்கள் பெயரில் வெளிவந்தது என்று படித்தேன். அப்படியானால் யார் பாடினாலும் ஒன்றுதான், எல்லாம் தயாரிப்பாளரின் கைவேலை என்றுதானே ஆகிறது? கொலைக் குற்றத்துக்காகத் தண்டனை அனுபவிக்கும்போது இறந்த ஒரு மனிதரைக் கொண்டாடலாமா என்ற உறுத்தலும் இருக்கிறது. கடைசியாக, இவற்றை எந்தப் பதிப்பில் கேட்பது என்றும் சொல்லுங்கள்.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

கிதாரையும் பியானோவையும் பிரிக்க முடியவில்லை என்கிறீர்கள். உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அவை பிரியக்கூடாது என்பதுதான் திட்டமே.

ஹாலிவுட்டில் சாண்டா மோனிகா புலவார்டும் வைன் தெருவும் சந்திக்கும் இடத்தில் கோல்ட் ஸ்டார் என்ற ஸ்டுடியோ இருந்தது. டேவ் கோல்ட், ஸ்டான் ராஸ் இருவரும் 1950-ல் தொடங்கியது. ஸ்பெக்டர் பயன்படுத்திய அறை பெரிதல்ல. அதற்குள் இரண்டு மூன்று கிதார், அதே அளவுக்குப் பியானோ, இரண்டு பேஸ், சாக்ஸபோன்கள், டிரம்ஸ், காஸ்டனெட்ஸ், மராக்காஸ், டாம்பரின் என்று ஒரு கூட்டத்தையே உட்காரவைத்தார். ஒரே வரியைப் பலர் சேர்ந்து வாசிப்பார்கள். ஒருவர் மைக்கில் பக்கத்தில் இருப்பவரின் வாசிப்பும் விழும். மற்ற இடங்களில் இதைத் தடுக்கப் பாடுபடுவார்கள். இங்கே அதுதான் வேண்டியிருந்தது. அப்புறம் அந்த ஒலியை எக்கோ சேம்பர் என்ற சிமெண்ட் பூசிய அறைக்கு அனுப்புவார்கள். அங்கே ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி சுவர்களில் மோதித் திரும்பி ஒரு மைக்கில் விழும். அதைத் திரும்பக் கொண்டுவந்து பதிவில் கலப்பார்கள். கிதாரும் பியானோவும் கரைந்து, இரண்டுமே இல்லாத மூன்றாவது ஒலி ஒன்று கிடைக்கும்.

ஏன் இவ்வளவு பாடு? அன்று கேட்டவர்களிடம் இருந்தது ஏ.எம். கார் ரேடியோ, கையடக்க டிரான்சிஸ்டர், கடைகளில் ஜூக்பாக்ஸ். சின்ன ஸ்பீக்கர் வழியாக வந்தாலும் பாட்டு பெரிதாக ஒலிக்க வேண்டும். உங்கள் ஹெட்ஃபோன் அந்த ஒலியைத் துண்டு துண்டாக ஆராயத் தூண்டுகிறது. அது அப்படி ஆராய்வதற்காகச் செய்யப்பட்டதல்ல.

இந்தப் பாணி எப்படிப் பிறந்தது என்று ஒலிப்பொறியாளர் லாரி லெவின் பலமுறை சொல்லியிருக்கிறார். 1962-ல் 'ஜிப்-அ-டீ-டூ-டா' என்ற பழைய பாட்டைப் புதிதாகப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ஸ்பெக்டர் ஒவ்வொரு மைக்காகக் கூட்டச் சொல்லிக்கொண்டே இருந்தார். மணிக்கணக்கில் இது நடந்து, ஒலி அளவு காட்டும் முள்ளெல்லாம் எல்லையில் போய் ஒட்டிக்கொண்டது. இப்படியே பதிந்தால் கெட்டுவிடும் என்று லெவின் எல்லா மைக்குகளையும் ஒரேயடியாக அணைத்துவிட்டார். ஸ்பெக்டர் கத்தித் தீர்த்தார். சரி என்று லெவின் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தார். கடைசியாக ஒரே ஒரு மைக் பாக்கி, பில்லி ஸ்ட்ரேஞ்சின் கிதாருக்கு வைத்தது. அதைத் திறப்பதற்குள் ஸ்பெக்டர், இதுதான் வேண்டிய ஒலி, பதிவு செய் என்றார். அந்தப் பாட்டில் வரும் கிதார் தனி வாசிப்பு மற்றவர்களின் மைக்குகளில் போய் விழுந்த ஒலிதான். எங்கோ அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் இருக்கும். எனக்கு இந்தச் சம்பவம் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அந்தப் பாணி ஒரு தனி மேதையின் தலையிலிருந்து முழுசாக இறங்கி வந்ததல்ல என்பதை இது காட்டுகிறது. பயந்துபோன ஒரு பொறியாளர், இசைக்கோர்ப்பாளர் ஜாக் நிட்ஷே, டிரம்ஸில் ஹால் பிளெயின், இன்னும் பலர் சேர்ந்து எழுப்பிய சுவர் அது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இதற்குத்தான் நான் அதிகம் பதில் சொல்ல விரும்புகிறேன்.

நீங்கள் படித்தது உண்மை. 1962-ல் ஜீன் பிட்னி எழுதிய 'ஹீ இஸ் எ ரெபல்' ஸ்பெக்டர் கைக்கு வந்தபோது, இன்னொரு கம்பெனியும் அதைப் பதிவு செய்கிறது என்று தெரிந்தது. முந்திக்கொள்ள வேண்டும். கிரிஸ்டல்ஸ் புரூக்ளின் பெண்கள், நாட்டின் மறுகோடியில் இருந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸிலேயே பிளாசம்ஸ் என்ற குழு இருந்தது. மற்றவர்களின் பாட்டுகளுக்குப் பின்குரல் கொடுத்துச் சம்பாதித்த பெண்கள். அவர்களில் டார்லீன் ரைட் முன்னணிக் குரல். பின்னால் டார்லீன் லவ் என்று பெயர்பெற்றவர். பாடினார், கூலி வாங்கிக்கொண்டு போனார். உறையில் கிரிஸ்டல்ஸ் என்று அச்சானது. அந்த நவம்பரில் அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டில் முதலிடம். தாங்கள் பாடாத பாட்டு தங்கள் பெயரில் ஓடுவது தெரிந்த பிறகு கிரிஸ்டல்ஸ் அதைக் கற்றுக்கொண்டு மேடையில் பாட வேண்டியதாயிற்று.

இதிலிருந்து யார் பாடினாலும் ஒன்றுதான் என்ற முடிவுக்கு வருகிறீர்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. கிரிஸ்டல்ஸின் முந்தைய பாட்டுகளில் பார்பரா ஆல்ஸ்டன் பாடுவதைக் கேளுங்கள். மென்மையான, கூச்சமுள்ள அழகான குரல். ஆனால் கோல்ட் ஸ்டார் அறையின் அந்த முழக்கத்துக்கு முன்னால் அது அமுங்கிப் போயிருக்கும். டார்லீன் பாதிரியாரின் மகள், தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். அவர் குரல் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. அடுத்த வருடம் கிரிஸ்டல்ஸுக்குள்ளேயே அப்படியொரு குரல் கிடைத்தது: பதினைந்து பதினாறு வயது லாலா புரூக்ஸ். 'டா டூ ரான் ரான்', 'தென் ஹீ கிஸ்ட் மீ' இரண்டும் அவருடையவை. எந்தக் குரல் தாங்கும் என்று ஸ்பெக்டருக்கு நன்றாகத் தெரியும். மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்தது பெயர்களை. டார்லீன் கிரிஸ்டல்ஸாகப் பாடினார், பாப் பி. சாக்ஸ் அண்ட் தி புளூ ஜீன்ஸ் என்ற குழுவில் பாடினார், பிளாசம்ஸில் பாடினார். எப்போதாவதுதான் சொந்தப் பெயர் கிடைத்தது.

ரோனெட்ஸ் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வெரோனிகா பென்னட், அக்கா எஸ்டெல், உறவுக்காரப் பெண் நெட்ரா டேலி என்று நியூயார்க்கில் ஒரே குடும்பத்து மூவர். ஆனால் 1963 ஜூலையில் 'பி மை பேபி' பதிவானபோது பாடியது அவர்களில் வெரோனிகா மட்டும், ரோனி என்று உலகம் அறிந்தவர். வயது 19. பின்குரல்களில் டார்லீனும், அப்போது யாரும் அறியாத ஷெர் என்ற பெண்ணும் இருந்தார்கள். தொடக்கத்தில் ஹால் பிளெயினின் அந்த டிரம்ஸ் அடி, பிறகு எல்லா வாத்தியங்களும் எழுந்து வரும் முழக்கம், அதன் நடுவில் கொஞ்சம் மூக்கால் பாடுவதுபோன்ற நடுங்கும் குரல். பெரிய வீச்சுள்ள குரல் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வரி முடிவிலும் அவர் ஏற்றும் அந்த அதிர்வுதான் பாட்டு. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது உங்கள் இரைச்சல்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். பில்போர்டில் இரண்டாவது இடம் வரை போனது. பீச் பாய்ஸின் பிரையன் வில்சன் காரில் போகும்போது ரேடியோவில் இதைக் கேட்டு வண்டியை ஓரங்கட்டினார். வாழ்நாள் முழுக்க இந்தப் பாட்டையே சுற்றிவந்தார்.

உறுத்தல் பற்றி. எனக்கும் அது உண்டு, அதற்குக் காரணம் 2003-க்கு முன்பே தொடங்குகிறது. நடிகை லானா கிளார்க்ஸனை 2003-ல் கொன்றதற்காக ஸ்பெக்டருக்கு 2009-ல் தண்டனை கிடைத்தது, 2021-ல் இறந்தார். ஆனால் ரோனியை 1968-ல் மணந்து வீட்டுக்குள் அடைத்துவைத்து, அவர் 1972-ல் வெறுங்காலோடு தப்பி ஓடும்படி செய்தவரும் அவர்தான். பணக் கணக்கு தனி. 1963 ஒப்பந்தத்தின்படி ரோனெட்ஸ் மூவருக்கும் சேர்த்துக் கிடைத்தது முன்பணமாக 15,000 டாலருக்கும் குறைவு. ராயல்டி வரவே இல்லை. பாட்டு சினிமாவிலும் விளம்பரத்திலும் ஒலித்துக்கொண்டிருந்தது. எண்பதுகளில் வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தார்கள். 2002-ல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், பதிவுகளின் உரிமை முழுக்க ஸ்பெக்டருக்கே, சினிமா டிவி உரிமத் தொகையில் பாடகிகளுக்குப் பங்கு கிடையாது, இசைத்தட்டு விற்பனைக்கான ராயல்டி மட்டும் உண்டு என்றது. டார்லீன் எண்பதுகளில் ஒரு கட்டத்தில் வீட்டுவேலைக்குப் போய்ப் பிழைத்தார். ராக் அண்ட் ரோல் கௌரவ மண்டபத்தில் ஸ்பெக்டரைச் சேர்த்தது 1989-ல், ரோனெட்ஸை 2007-ல், டார்லீனை 2011-ல். இந்த வருடங்களை வரிசையாகப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

பாட்டுகளை ஒதுக்கிவைத்தால் இரண்டாவது முறையும் நஷ்டம் இந்தப் பெண்களுக்குத்தான். அதனால் கேட்பேன், பாராட்டுவேன். ஆனால் முதலில் பாடியவரின் பெயரைச் சொல்வேன். 'ஸ்பெக்டரின் பாட்டு' என்று எழுதுவதை நீங்களும் தவிர்த்தால் சந்தோஷப்படுவேன்.

பதிப்பு விஷயம் எளிது: மோனோ, அதாவது இடம் வலம் என்று பிரிக்காமல் எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வரும் பதிவு. இவை மோனோவுக்காகவே கலக்கப்பட்டவை. 1991-ல் வந்த 'பேக் டு மோனோ' தொகுப்பில் முக்கியமானவை எல்லாம் இருக்கின்றன. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு சாதாரண ஸ்பீக்கரில், நாலைந்து அடி தள்ளி நின்று கேளுங்கள். முதலில் 'பி மை பேபி', வாத்தியங்களை விட்டுவிட்டுக் குரலை மட்டும் பின்தொடர்ந்து. அடுத்து, 1963-ல் வந்த கிறிஸ்துமஸ் ஆல்பத்தில் டார்லீன் லவ் சொந்தப் பெயரில் பாடிய 'கிறிஸ்துமஸ் (பேபி ப்ளீஸ் கம் ஹோம்)'. அந்த ஆல்பம் வெளியானது நவம்பர் 22, கென்னடி சுடப்பட்ட அதே நாள். அந்த வருடம் அதை வாங்க ஆளில்லை. பாட்டின் கடைசிப் பகுதியில் அத்தனை வாத்தியங்களும் முழு வேகத்தில் போகும், டார்லீன் அவற்றுக்கு மேலே ஏறி 'ப்ளீஸ்' என்று திரும்பத் திரும்பக் கேட்பார். கேட்டுவிட்டு எழுதுங்கள்.