திரையில் தெரியும் எண்ணுக்குச் சாட்சி யார்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் போன் மோசடி பற்றியவை. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குப்பை கொட்டியவன் என்பதால் மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வங்கிக் கிளையின் எண்ணை ‘பேங்க் மேனேஜர்’ என்று சேமித்து வைத்திருக்கிறேன். அதே பெயரோடுதான் அழைப்பு வந்தது. ஓடிபி கேட்டதும் சந்தேகம் தட்டி வைத்துவிட்டேன். கிளையில் கேட்டால், ‘நாங்கள் கூப்பிடவே இல்லை’ என்கிறார்கள். எப்படி? – கும்பகோணம் வாசகி

பெயரைக் காட்டியது வங்கி இல்லை அம்மா, உங்கள் போன். வந்த எண் உங்கள் பட்டியலில் இருந்தால், நீங்கள் வைத்த பெயரைப் போடும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சரி, எண்? தபால் உறையில் ‘அனுப்புநர்’ என்று எழுதுகிறோமே, அது மாதிரி. யார் விலாசத்தை வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் விசாரிக்க மாட்டார். எங்கள் காலத்தில் அந்த எண்ணைப் போட்டு அனுப்பியது எக்ஸ்சேஞ்ச். வீட்டில் போன் வைத்திருப்பவர் அதில் கை வைக்க முடியாது. இணையவழி அழைப்பு வந்த பிறகு, கூப்பிடுகிறவனின் கணினியே அந்த இடத்தை நிரப்பிவிட முடிகிறது. நடுவில் இருக்கும் கம்பெனிகள் ஒன்றை ஒன்று நம்பி அப்படியே கடத்திவிடுகின்றன.

வெளிநாட்டிலிருந்து +91 வேஷத்தில் வருவதைத் தடுக்க மத்திய அரசு 2024 அக்டோபர் 22 அன்று ஓர் அமைப்பைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் சிக்கியவை சுமார் 1.35 கோடி அழைப்புகள். இந்திய எண்ணோடு வெளிநாட்டிலிருந்து வந்தவற்றில் அது 90 சதவீதம்! அந்த வாசல் அடைபட்டாலும் சிம் பாக்ஸ் இருக்கிறது. எங்கோ ஒரு வாடகை அறையில், வரிசையாகச் சிம் செருகிய பெட்டி; வெளிநாட்டு இணைய அழைப்பு அதற்குள் நுழைந்து உள்ளூர் எண்ணாக வெளியே வரும்.

வங்கிகளின் சேவை அழைப்புக்கு 1600 வரிசையும் விளம்பரத்துக்கு 140 வரிசையும் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1600 என்று தெரிந்தாலும் ஓடிபி சொல்லாதீர்கள். வைத்துவிட்டு, டெபிட் கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணை நீங்களே அழுத்திக் கேளுங்கள்.

ராத்திரி 2 மணிக்கு +1 876 என்று ஒரு மிஸ்டு கால். மகன் அமெரிக்காவில் இருப்பதால் என் கணவர் பதறிப்போய்த் திருப்பிக் கூப்பிட்டார். ரிங் போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. காலையில் பார்த்தால் பேலன்ஸ் காலி. – திருச்சி வாசகி

நீங்கள் கேட்ட அந்த ‘ரிங்’ ஒலிப்பதிவாக இருக்கலாம். எதிர்முனையில் எடுத்தாகிவிட்டது, மீட்டர் ஓடுகிறது, காதில் மட்டும் டிரிங் டிரிங். ஜப்பானில் இதற்கு ‘வன்கிரி’ என்று பெயர்: ‘வன்’ என்றால் ஒரு ரிங், ‘கிரி’ என்றால் கட். நம் ஊரில் மிஸ்டு கால் என்பது ‘வந்துட்டேன், கதவைத் திற’ என்று காசில்லாமல் சொல்கிற பாஷை. அந்தப் பழக்கம்தான் அவர்களுக்கு மூலதனம்.

வெளிநாட்டு எண்ணுக்கு நீங்கள் கொடுக்கும் நிமிடக் கட்டணத்தில் ஒரு பங்கு எதிர்முனைக் கம்பெனிக்குப் போகிறது. அந்த எண்களை எடுத்து வைத்திருப்பவனுக்கு அதிலிருந்து கமிஷன். ஒருவரிடம் போவது நூறோ இருநூறோ, அதற்காக யார் போலீசுக்குப் போகப்போகிறார்கள்? கணினி வைத்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு மிஸ்டு கால் அடிக்கிறவன் கணக்கு வேறு.

+1 அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமில்லை. கனடாவும் கரீபியன் தீவுகள் பலவும் அதே குறியீடுதான். 876 ஜமைக்கா, 473 கிரெனடா, 809 டொமினிக்கன் குடியரசு. சந்தேகம் வந்தால் மகனை வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள். மிஸ்டு கால் வந்ததற்காகக் காசு போகாது, திருப்பிக் கூப்பிட்டால்தான் போகும். ஐ.எஸ்.டி. தேவையில்லை என்றால் கஸ்டமர் கேரில் சொல்லி அடைத்துவிடுங்கள்.

என் நம்பரிலிருந்து லோன் வேண்டுமா என்று கால் வந்ததாக யார் யாரோ திட்டுகிறார்கள். நம்பரை மாற்றிவிடவா? – சேலம் வாசகர்

வேண்டாம். உங்கள் எண்ணை யாரோ ‘அனுப்புநர்’ இடத்தில் எழுதிக்கொண்டிருக்கிறான். சில நாளில் வேறு எண்ணுக்குத் தாவுவான். அதற்குள், உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பாருங்கள். தெரியாத எண் இருந்தால் அங்கேயே ‘என்னுடையது இல்லை’ என்று தெரிவிக்கலாம். திட்டுகிறவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், அவர்களும் ஏமாந்தவர்கள்தான்.

பார்சல் கொண்டுவருகிறவர் வழி தெரியவில்லை என்று *401* போட்டு ஒரு நம்பரை அழுத்தச் சொன்னார். அழுத்திவிட்டேன். – மதுரை வாசகர்

உடனே ##002# அழுத்துங்கள். நீங்கள் போட்டது கால் ஃபார்வர்டு. உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அவனுக்குப் போகும், குரலில் வரும் ஓடிபி உட்பட. இந்தக் குறியீட்டு வழியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஆனாலும் செட்டிங்ஸுக்குள் போய் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

‘டிராயிலிருந்து பேசுகிறோம், 2 மணி நேரத்தில் இணைப்பு துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்தவும்’ என்கிறார்களே? – வேலூர் வாசகர்

டிராய் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். அது யார் இணைப்பையும் துண்டிப்பதில்லை. வையுங்கள்.

கேட்காத ஏதோ ஒரு சேவைக்குப் பேலன்ஸில் கை வைக்கிறார்கள். – நெல்லை வாசகர்

155223-க்குக் கூப்பிடுங்கள், கட்டணமில்லை. எந்தெந்தச் சேவை ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு நிறுத்தலாம்.

பணம் போயே போய்விட்டது. இனி என்ன? – பெயர் வேண்டாம் என்ற வாசகர்

இதைப் படித்து முடிக்காதீர்கள், முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐக் கூப்பிடுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் வங்கி அதை நிறுத்திவைக்க வேண்டும், ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர்கள் தரும் புகார் எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வங்கிக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.